கல் இல்லாத மோதிரம்

தாலியைக் கழற்ற வந்தவர்களுக்குச் சிரமம் வைக்காமல் பரிபூரணமே குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். புருஷன் ஐயாதுரையின் அக்கா சூசையம்மாள் கொக்கியை விடுவித்து, தாலிக்கொடியை உருவி, பெட்டிக்குள் படுத்திருந்த தம்பியின் மார்பில் வைத்தாள். பெண்கள் ஓவென்று அழுதார்கள். பரிபூரணமும் அழுதாள். நேற்று மத்தியானம் அயிரை மீன் குழம்பு ஊற்றித் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, "செத்த நேரம் கண்ணசந்துக்கிடுதேன்" என்று கட்டிலில் சாய்ந்த மனுஷன். தானும் கஷ்டப்படவில்லை, யாரையும் கஷ்டப்படுத்தவும் இல்லை. அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு அது நிறைவாகத்தான் இருந்தது.

"மோதிரத்தையும் கழட்டுட்டி" என்றாள் சூசையம்மாள்.

பரிபூரணம் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அது கெடக்கட்டும் மதினி."

"அவன் போட்டதுதான? அவனே போயிட்டான். பொறவு என்ன மோதிரம்?"

அதற்குள் மகள் விஜி சோப்பும் தண்ணீருமாக வந்து நின்றாள். மற்ற நாளில் ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டும்.

மோதிரம் கிடந்தது ஆள்காட்டி விரலில். ராஜபாளையத்தில் யாரும் கல்யாண மோதிரத்தை அந்த விரலில் போடுவதில்லை. பரிபூரணம் இஸ்ரேலில் ரிவ்கா என்ற யூத அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்தவள். ஐயாதுரை இங்கே பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டிக்கொண்டு விஜியை வளர்த்தார். ரிவ்காவின் கல்யாண மோதிரத்தைப் பற்றி ஒருநாள் போனில் பேச்சு வந்தது. வெறும் தங்க வளையம். கல் கிடையாது, பூவேலை கிடையாது. கல் இருந்தால் அதன் விலை தெரியாமல் பெண் ஏமாந்துவிடக் கூடும் என்பது அவர்கள் எண்ணம். சாட்சிகள் எல்லார் கண்ணிலும் படும்படி மாப்பிள்ளை அதை ஆள்காட்டி விரலில்தான் போட்டுவிடுவாராம்.

ஐயாதுரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் ஊருக்குத் திரும்பியதும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசாரியிடம் அதே மாதிரி ஒன்று செய்யக் கொடுத்தார். ஆசாரி, பாவம், மொட்டையாக இருக்கிறதே என்று தன் கைக்காசில் ஒரு சிவப்புக் கல்லைப் பதித்து வைத்திருந்தார். "கல்ல எடுத்துருங்க அண்ணாச்சி! எம்பொண்டாட்டிய நான் ஏமாத்தவா?" என்று இவர் சண்டைக்கே போய்விட்டார். மறுபடி உருக்கி அடித்ததை விரலில் மாட்டிவிட்டு, "இனிமே நீ வெரல நீட்டித் திட்டுனாலும் தங்கமாத்தான் இருக்கும்" என்று சிரித்தார்.

விஜி விரலைப் பிடித்துச் சோப்பைத் தடவினாள். "அத்தை சொல்லுதத கேளும்மா. ஊரே பாக்குது."

"பாக்கட்டும். எல்லாரும் பாக்கத்தான அவிய இந்த வெரல்ல போட்டாவ."

சூசையம்மாள் முறைத்தாள். பரிபூரணத்துக்கு அவளிடம் எப்போதும் பயம்தான். ஆனாலும் இன்று வாயைத் திறந்தாள்.

"மதினி, தாலி ஊர் கூடிக் கட்டுனது, ஊர் எடுத்துக்கிடட்டும். இது அவிய எனக்குன்னு தந்தது. ரிவ்கா அம்மா வீட்டுக்காரரு செத்து எம்புட்டோ வருசமாச்சு, அந்தம்மா கழட்டல. குடுத்த நிமிசமே அது பொம்பளைக்குச் சொந்தம்னு சொல்லும். செத்தவியகூட அனுப்ப முடியாதாம்."

சூசையம்மாள் சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். கம்மல் முதல் வளையல்வரை அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யூதச்சி சட்டமெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று முணுமுணுத்தாள். கொஞ்ச நேரம் தம்பியின் முகத்தையே பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "பெட்டிய மூடுங்கப்பா. நேரமாகுதுல்லா" என்றாள்.

கல்லறைத் தோட்டத்து மண் மழையில் குழைந்து கிடந்தது. பரிபூரணம் குனிந்து வலது கையால் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

எல்லாரும் கலைந்தபோது சூசையம்மாள் குழாயடியில் நின்றிருந்தாள். பரிபூரணத்தின் கையை இழுத்துத் தண்ணீரில் பிடித்து, மோதிரத்தைச் சுற்றி அப்பியிருந்த சேற்றைப் பெருவிரலால் வழித்துவிட்டாள். சேறு போன பிறகும் அந்த விரலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.