மைசூன் வீட்டு முதல் பெருநாள்

“பெருநாளன்னைக்குப் பரீட்சை வைக்காதீங்க, ஓர்னா. தேதிய மாத்துங்க.”

கேட்டுவிட்டேன். யூதர்கள் நடத்தும் ஹைஃபா பல்கலைக்கழகத்துக்கு என்னைப் பேருந்து ஏற்றிய அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: “அவங்ககிட்ட எதையும் கேக்காதம்மா. படிச்சிட்டு வந்துரு.” தரைக்கல் பதித்தே முட்டி தேய்ந்த மனிதர். எங்கள் வீட்டில் கல்லூரி ஏறிய முதல் ஆள் நான்.

பேராசிரியை ஓர்னா சிரித்தார். “நீதானே சொன்ன நிபால், பிரச்சினையே இல்லைன்னு?”

நான்தான். போன வாரம் ஆய்வகத்தில் கூடப் படிக்கும் ஹதர் எல்லார் முன்னாலும் கேட்டாள்: “அன்னைக்கு உங்களுக்கு ஏதோ பண்டிகையாமே, பரவாயில்லையா?” அத்தனை யூதப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் மைசூன் பேச வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன். “எங்க ஊர்ல அதெல்லாம் அவ்வளவு பெருசா இல்லப்பா.” தொந்தரவு தராத அரபிப் பெண் என்று பெயர் வாங்கும் ஆசை.

மைசூனும் என் ஊர்தான். இந்தக் குளிர்காலத்தில் அவள் அம்மா இறந்தார். இறந்தவர் வீட்டில் முதல் பெருநாள் கொண்டாட்டமல்ல; விடிந்ததும் ஊரே துக்கம் கேட்க வரும். மூத்த மகள்தான் கசப்புக் காபியும் பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். அது தெரிந்தும்தான் சொன்னேன்.

மறுநாள் அவள் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறாள். “உங்க ஊர்ப் பொண்ணே பரவாயில்லைங்கிறா” என்று ஓர்னா திருப்பி அனுப்பிவிட்டார். மைசூன் நேரே என்னிடம் வந்தாள். “நீ நல்ல அரபியாச்சேடி! பட்டம் வாங்குறப்ப உனக்குத் தனியா கைதட்டுவாங்க. நான் வீட்டுக்குத்தான் போறேன். பாடம் போனாப் போகட்டும்.” அதன்பின் பேசவில்லை.

“நான் பொய் சொன்னேன்” என்றேன் ஓர்னாவிடம். “மைசூனோட அம்மா செத்து வர்ற முதல் பெருநாள் அது. அவ வீட்ல இருந்தாகணும்.”

“தெரிஞ்சேவா அப்படிச் சொன்ன?”

ஆமென்று தலையசைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “தேதி மாறாது. நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. உனக்கு மட்டும் வேற நாள் வைக்கிறேன். வெளிய சொல்லாத.”

“எனக்கு வேண்டாம். அவளுக்குக் குடுங்க.”

“அவளுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“நிக்கட்டும். உங்க பண்டிகைக்கு வளாகத்தையே பூட்டுறீங்க!”

“கத்தாத. நீயும் வரலைன்னா உன் வருஷம்தான் வீணாகும்.”

வீணாகட்டும். பெருநாள் காலையில் மைசூன் வீட்டு அடுப்பில் காபி வைக்கப் போகிறேன். உள்ளே விடுவாளா, கதவைச் சாத்துவாளா, தெரியாது. சாத்தினால் வாசலில் நிற்பேன்.

“உக்காரு, நிபால், பேசலாம்” என்றார் ஓர்னா.

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.