கடைசிப் பக்கம் பார்க்கிறவர்

பள்ளிக்கூடத்து நூலக அறைக்குள் நுழையும்போதே பரமசிவனின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை, திருவேங்கடத்துப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் உரமும் விதையும் வாங்க வந்து நிற்கிற நேரம். உரக்கடையைக் கணக்கரிடம் விட்டுவிட்டு, இங்கே வந்து கதைப் புத்தகம் பொறுக்க வேண்டியிருந்தது. வேறு யாரையாவது அனுப்பவும் முடியாது. பிள்ளைகள் கைக்குப் போகிற எந்தக் கதைப் புத்தகமானாலும் பெற்றோர் சங்கத் தலைவர் பார்த்துச் சரி என்ற பிறகே அலமாரியில் ஏற வேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டி விதி கொண்டுவந்தவர் அவர்தான். பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். யாரைப் போய் நொந்துகொள்வது?

மேசைக்கு அந்தப் பக்கம் சண்முகசுந்தரி டீச்சர் உட்கார்ந்திருந்தார். தமிழ் வகுப்போடு நூலகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர். வாங்க என்று ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இரண்டு அட்டைப் பெட்டிகள் பிரித்துக் கிடந்தன. மதுரைப் புத்தகக் கடைக்காரர் அனுப்பியவை. வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம். என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்டதற்கு, ஊர் சுற்றுகிற கதை, மலையேறுகிற கதை, கப்பலில் போகிற கதை என்றுதான் முக்கால்வாசிப் பேர் கேட்டார்களாம். பெட்டி முழுக்க அதுவேதான்.

"அவ்வளவு நடந்த பெறவும் இதே கருமத்தைத்தான் வரவழைச்சிருக்கிய" என்றார் பரமசிவன்.

"பிள்ளைய கேட்டதை வரவழைச்சேன். உங்களைக் கேட்டு வரவழைச்சா உரமூட்டைதான் வரும்" என்றார் டீச்சர்.

இரண்டு பேருக்கும் இந்தப் பகை போன பொங்கல் விடுமுறையில் வந்தது. பரமசிவனின் ஒரே மகள் காவியா அப்போது எட்டாம் வகுப்பு. கரிவலம்வந்தநல்லூரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவள், வாசுதேவநல்லூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மலையடிவாரம்வரை நடந்து, ஓடை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தன்னந்தனியாக மேலே ஏறியிருக்கிறாள். மத்தியானம் தோழி வீட்டுக்குப் போன் போட்டபோதுதான் அவள் அங்கே போகவே இல்லை என்று தெரிந்தது. பரமசிவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார், பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு கண்டக்டரிடமும் போட்டோவைக் காட்டினார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கரிவலம் ரோட்டோரத்துக் கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். அதை இன்றுவரை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. பொழுது இறங்குகிற நேரத்துக்கு அந்தப் பெண் முழங்கால்வரை சேறோடு தானாகவே பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். பையில் நூலக முத்திரை குத்திய ஒரு பயணக் கதைப் புத்தகம் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து டீச்சரின் மேசையில் வீசி, நீங்க டீச்சரா பிள்ளைபிடிக்காரியா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் வாய்க்கு வாய் கொடுக்கிறவர்தான். அன்றைக்கு என்னவோ ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டார்.

காவியாவை அவர் அடிக்கவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் ஒரு வாய்க்கால் தகராறில் பேச்சை விட்டார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து, அண்ணனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு, தம்பிக்கு மோர் ஊத்தச் சொல்லு என்று நடுவில் இருக்கிற ஆளிடம் சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். அப்பா கண்ணை மூடுகிறவரை அது தீரவில்லை. அதே மாதிரி பரமசிவனும் மனைவி பொன்மணியை நடுவில் வைத்துக்கொண்டார். அவளைச் சாப்பிடச் சொல்லு. அவ சைக்கிள்ல காத்து இல்லைன்னு சொல்லு. நூலகத்துப் புத்தகம் எதையும் இனி வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லு.

கை நீட்டாமல் வளர்க்கிறோம் என்று அவருக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. மகள் ஒரு நாள் அழுதுகொண்டே வந்து தப்புதான் அப்பா என்பாள், உடனே பேசிவிடலாம் என்று காத்திருந்தார். முதலில் அழவும் செய்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். இப்போதெல்லாம் அவர் வாசல் நடையில் செருப்பைக் கழற்றினால் அவள் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அவருக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. தன் அப்பாவைப் போலவே தானும் பேசாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்கிற பயம். அந்தப் பயத்தையும் இந்த டீச்சர் கணக்கிலேயே எழுதிவைத்திருந்தார்.

"எல்லாத்தையும் இன்னைக்கே படிக்கப் போறியளா?" என்று டீச்சர் கேட்டார்.

பரமசிவன் முதல் புத்தகத்தை எடுத்துக் கவிழ்த்துப் பின்னாலிருந்து திறந்தார். கடைசிப் பக்கத்தில் விரலை ஓட்டி, உதடு அசைய வாசித்தார். பனிக்கடலுக்குப் போன ஒரு பையன் இன்னொரு கப்பலில் இன்னொரு தேசத்துக்குக் கிளம்புகிறான். ஆகாது என்று இடது பக்கம் வைத்தார். அடுத்தது பாலைவனம். அண்ணன் தங்கையில் தங்கை மட்டும் ஊர் திரும்புகிறாள், அண்ணன் ஒட்டகக்காரர்களோடு அங்கேயே தங்கிவிடுகிறான். அதுவும் ஆகாது. படகில் தீவு தீவாகப் போன ஒரு சிறுமி துறைமுகத்தில் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். அது வலது பக்கம் போயிற்று.

அந்தப் படகுக் கதையில் இரண்டு தடவை படகு உடைகிறது, ஒரு தடவை கடற்கொள்ளைக்காரன் அவளைக் கட்டிப்போடுகிறான். டீச்சருக்கு அது தெரியும். ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

இடது பக்கம் உயர்ந்துகொண்டே போனது. காட்டில் குடிசை போட்டுத் தங்கிவிட்டவன் ஆகாது. பெரியவளானதும் மறுபடி கிளம்புவேன் என்று கடைசி வரியில் சொல்கிறவள் ஆகவே ஆகாது. அந்தப் புத்தகத்தை வைத்த வேகத்தில் மேசை ஆடியது.

"புத்தகத்தை மெதுவா வைங்க. அது ஒண்ணும் உங்க வீட்டுப் பிள்ளை இல்லை, என்ன செஞ்சாலும் வாங்கிக்கிட" என்றார் டீச்சர்.

பரமசிவன் நிமிர்ந்து முறைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். ஒரு பெண் பிள்ளை சைக்கிளிலேயே மலைகளைத் தாண்டிப் போன கதை. கடைசிப் பக்கத்தில் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி மணியடிக்கிறாள். அப்பா வந்து கதவைத் திறக்கிறார். எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது. பரமசிவன் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை வலது பக்கம் வைத்தார்.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டாப் போதும், இல்லையா அண்ணாச்சி?" என்றார் டீச்சர். "நடுவுல கடல்ல விழுந்தாலும் சரி, மலையில உருண்டாலும் சரி."

"பெறவு? பிள்ளை வீட்டுக்கு வந்துச்சா இல்லையா, அதானே கதை. மத்ததெல்லாம் எவனுக்கு வேணும்?"

"உங்க மகளும் வந்தாளே."

பரமசிவனின் கை பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்க வீட்டுக் கதை உங்களுக்கு வேண்டாம் என்றார். சத்தம் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. வராந்தாவில் போன யாரோ எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

டீச்சர் விடவில்லை. பரீட்சை மார்க் பார்க்கிற அன்றைக்கு மகளைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டு, மார்க் ஏன் குறைஞ்சுதுன்னு அவகிட்டக் கேளுங்க டீச்சர் என்று அவர் சொன்னதை எடுத்து முன்னால் போட்டார். அன்றைக்கு அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பைச் சொன்னார். பிறகு சைக்கிள் கதையை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"இந்தப் பிள்ளை வந்ததும் அதோட அப்பா ஒரு வார்த்தை கேக்காரு. அதைத்தான் நீங்க ரெண்டு தடவை படிச்சிய, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க பிள்ளைக்கு மட்டும் கடைசிப் பக்கமே வரலை."

பரமசிவனுக்கு அந்த அம்மாளை என்ன செய்தால் தகும் என்று இருந்தது. வலது பக்கத்தில் இருந்ததற்கெல்லாம் சேர்த்துக் காகிதம் கிழிகிற மாதிரிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

"என்னைப் பிள்ளைபிடிக்காரின்னு சொன்னிய" என்றார் டீச்சர், புத்தகங்களை அடுக்கிக்கொண்டே. "அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்காதிய" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

கடைக்குப் போகவில்லை. வண்டி அதுபாட்டுக்கு வீட்டுப் பக்கம் திரும்பியது. ரதவீதி முழுக்க டீச்சரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தார். திட்டத் திட்ட அந்தக் கடைசிப் பக்கம்தான் முன்னால் வந்து நின்றது. அன்றைக்குக் காவியா சேற்றுக் காலோடு வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர்தான் பொன்மணியைப் பார்த்து, அவளைக் காலைக் கழுவிட்டு உள்ள போகச் சொல்லு என்றார். அதுதான் முதல் தடவை.

முன்னறையில் காவியா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"காவியா" என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டே எவ்வளவோ நாளாகிவிட்டது. அவள் நின்றாள், திரும்பவில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றது.

"அன்னைக்கு எம்புட்டுத் தூரம் போன?"

காவியா அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பிச் சத்தமாகச் சொன்னாள்.

"அம்மா, அப்பாட்டச் சொல்லு. ஓடை ரொம்ப மேல இருந்து வருது. பாதிதான் போனேன். நீங்க தேடுவியளேன்னு திரும்பிட்டேன்னு சொல்லு."

பரமசிவன் பொன்மணி வருவாள் என்று அடுக்களை வாசலையே பார்த்தார். பொன்மணி வரவில்லை. எனக்குக் காது கேக்கலை என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மறுபடி குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

நடுவில் யாரும் இல்லாமல் அப்பாவும் மகளும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார்கள்.