கண்ணாடிக் கதவு போட்ட மெஷின்

என் அக்கா புருஷன் கருத்தக்கண்ணனுக்கு மெஷின் என்றால் வெளியே தெரிகிற தகரம்தான். வண்டியூரில் நாங்கள் பாதிப் பாதி பங்கில் பட்டறை நடத்துகிறோம். எவர்சில்வர் தட்டு அழுத்துகிற இரும்பு அச்சுகளைச் செதுக்குகிறோம். செதுக்குகிறோம் என்ன, நான் செதுக்குகிறேன். பழைய மில்லிங் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் சட்டை மாட்டவே மறுக்கிறது. அவர் வாசலில் நாற்காலி போட்டு போன் பேசுவார். அதற்குப் பெயர் நிர்வாகம்.

தோள் தப்பிக்கும் என்றுதான் கம்ப்யூட்டரே ஓட்டுகிற சிஎன்சி மெஷின் வாங்கச் சம்மதித்தேன். எதை வாங்குவது என்று பார்க்குமுன்பே மனிதர் திறப்பு விழா ஃபிளெக்ஸ் அடித்து ரிங் ரோட்டில் கட்டிவிட்டார். எங்கிருந்தோ எடுத்த பெரிய மெஷின் படம், அதன்முன் கூலிங் கிளாஸோடு அவர், மூலையில் தபால்தலை அளவில் நான். பத்திரிகை அடித்துவிட்டுப் பெண் பார்க்கக் கிளம்புகிற மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு கப்பலூர் கிளம்பினார்.

அங்கே மெஷின் கடையில் நுழைந்ததும் படத்தில் இருந்ததைப் போலவே ஒன்று நின்றது. கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு. விற்பனைக்கு நின்ற உமேஷ் அதில் ஓர் அலுமினியத் தகட்டில் மயில் வெட்டிக் காட்டினான். மச்சான் வாயைப் பிளந்து வீடியோ எடுத்தார்.

"தம்பி, இரும்பு வெட்டுமா?" என்றேன்.

உமேஷ் தலையைச் சொறிந்தான். "உண்மையச் சொல்றேண்ணே. இது அலுமினியம், மரத்துக்கு. இரும்புல விட்டா ஆடும். உங்க வேலைக்கு அதுதான்."

அவன் காட்டிய மூலையில் குட்டையாக, பச்சை வர்ணத்தில் ஒரு வார்ப்பிரும்பு மெஷின். அதன் மேசையைத் தட்டினால் கைதான் வலித்தது.

மச்சான் முகத்தைச் சுளித்தார். "என்னப்பா, மாவு மில்லுல கெடக்குறது மாதிரி இருக்கு? ஃபிளெக்ஸ்ல இது இல்லயே."

"மச்சான், நாம வெட்டுறது இரும்பு."

"அதான் பழைய மெஷின் இருக்குல்ல? இரும்ப நீ அதுல ஓட்டு மாப்ள. இது ஆளுக வந்தா பாக்குறதுக்கு."

"என் தோளு?"

"தைலம் தேய்யி."

விற்க வந்தவனே வேண்டாம் என்கிறான். வாங்க வந்தவர் கண்ணாடிக் கதவு போட்டதையே கொடு என்று அவனிடம் மன்றாடுகிறார். இப்படி ஒரு வியாபாரத்தை நான் கண்டதில்லை.

"தம்பி, அந்தப் பச்சைக்கு எம் பேருல ஆர்டர் எழுதுங்க. பட்டறைய நாங்க பிரிச்சுக்கிருவோம். எம் பாதி எனக்கு, அவரு பாதி அவருக்கு. பழைய மெஷினையும் அவரே வச்சுக்கட்டும்."

"என்ன மாப்ள, விளையாடுறியா? அப்ப இரும்ப யாரு ஓட்டுறது?"

"நீங்கதான். நிர்வாகம் பாத்த நேரம் போக."

உமேஷ் பேனாவை எடுத்து என் பெயரைக் கேட்டான். பாண்டியராஜன் என்றேன்.  மச்சான் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, அதன் உள்ளே எரிகிற விளக்கு நீலத்தில் கிடைக்குமா என்று அவனை விசாரிக்க ஆரம்பித்தார்.