பூசிய சுவர்

சுவரில் ஒட்டியிருந்த கொசுவை பாக்கியநாதன் அடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். சாதாரணக் கொசு சுவருக்கு இணையாக உட்காரும். இது சாய்வாக அடித்த ஆணிபோல, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நின்றது. மலேரியாவைச் சுமக்கும் இனம். வயிறு சிவந்து உப்பியிருந்தது. கும்மிடிப்பூண்டியை ஒட்டிய அந்த வீட்டில், அந்த அறையில் படுப்பவள் அவர் தங்கை ரோசம்மாள் மட்டும்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சி, கொசுவை மறுமுனையில் செருகிய கண்ணாடிக் குழலுக்குள் இழுத்தார்.

"பட்டாளத்துல துப்பாக்கி குடுப்பாங்கன்னு பாத்தா, உனக்கு கொசு உறியற டியூபு குடுத்துக்கிறாங்களே அண்ணா!"

ரோசம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள். எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டு முறையும் குளிர்காய்ச்சல்.

அசாம் காட்டு முகாம்களில் சிப்பாய்களைக் கொசுவிடமிருந்து காப்பதுதான் பூச்சியியல் அதிகாரியான அவருடைய வேலை. அது 1969. விடுமுறையில் வந்திருந்தார்.

"செவுத்துல மலேரியாக்காரங்க மருந்து அடிச்சாங்கல்ல? அப்புறம் இது எப்படி உயிரோட இருக்கு?"

"அடிச்சாங்க. ஒரே நாத்தம். புள்ளைக்கு ஆவாதுன்னு நான்தான் மண்ணும் சாணியும் கொழச்சி மேல பூசிக்கினேன்."

அவர் பொறுமையாக விளக்கினார். ரத்தம் குடித்த கொசுவுக்கு உடம்பு கனத்துவிடும். தூரம் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து குடித்ததைச் செரிக்கவிடும். அப்போதுதான் சுவரில் அடித்த டி.டி.டி மருந்து அதன் கால்வழியாக ஏறும். மருந்து கொசுவைத் தேடிப் போகாது. கொசுதான் வந்து மிதிக்க வேண்டும். மேலே பூச்சு இருந்தால் மருந்தும் பத்திரம், கொசுவும் பத்திரம்.

"மறுபடி அடிக்கச் சொல்றேன். கொசுவலைக்குள்ளயும் நீ படுக்க மாட்டேங்கற."

"உள்ள மூச்சு முட்டுது." அவள் சிரிப்பு நின்றிருந்தது. "அடிக்கட்டும். புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மாதா மேல சத்தியமா சொல்லு."

ஒன்றும் ஆகாது என்று சிப்பாய்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மருந்தடித்த ஒரு முகாமில் முதலில் பல்லிகள் செத்தன. பிறகு, அவற்றைத் தின்ற பூனைகள். கருவிலிருக்கும் பிள்ளையை என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

"காய்ச்சல் வந்தா..."

"அது எனக்குத் தெரியாதா? ரெண்டு பொதைச்சவ நானு. கேட்டதுக்குச் சொல்லு."

"தெரியல ரோசம்மா."

அவரையே பார்த்தாள். "இவ்ளோ படிச்ச உனக்கே தெரியலேன்னா நான் இன்னா பண்றது?"

அடுப்பங்கரைக்குப் போய்க் கொட்டாங்குச்சியோடு வந்து, சுவரில் தான் பூசியதைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஐயோ, மருந்துத் தூசி! குடு, நான் செய்றேன்."

"உன் கை பட்டா நாளைக்கு பழி உன்னுதாய்டும். உடு அண்ணா."

தரை பாழாகாமலிருக்க முந்தானையை வயிற்றின்மேல் ஏந்தியிருந்தாள். சாணிப்பூச்சு, அடியில் ஒட்டிய மருந்தின் வெள்ளைப் படலத்தோடு, சில்லு சில்லாகப் பெயர்ந்து அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.