ரசலையன் படுக்காத கட்டில்

சவத்தைக் கட்டிலிலேயே வைத்துக் குளிப்பாட்டிப் பெட்டிக்குள் கிடத்தியாகிவிட்டது. ராகேல் ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு கட்டிலைத் துடைக்க உட்கார்ந்தாள். விடியும்வரை அவள் புருஷன் ரசலையன் கிடந்த கட்டில். பெண்கள் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை.

ரசலையனுக்குப் பழைய மரச்சாமான் வியாபாரம். ரப்பர் விலை விழுந்து தோட்டத்துத் துரைமார் கப்பலேறியபோதெல்லாம் அவன் கையில்தான் ஏலம். நாற்காலியோ மேசையோ, முதலில் குனிந்து காலைப் பார்ப்பான். உருண்டை உருண்டையாகக் கடைந்து, இரும்பாணிக்குப் பதில் மரமுளை அடித்திருந்தால் டச்சுக்காரர் காலம், ஊர்ப்பேச்சில் லந்தக்காரன் காலம். மெலிந்து நேராக இறங்கினால் கும்பினிக் காலம். பூவும் இலையுமாகச் செதுக்கித் தள்ளியிருந்தால் விக்டோரியா ராணி காலம். புதுச்சாமானைப் பழசென்று அவன் விற்றதில்லை. அந்த ஒரு விஷயத்தில் நாகர்கோவில் வக்கீல்மார்கூட அவன் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் இந்தக் கட்டிலைக் கொண்டு வந்தான். "லந்தக்காரன் காலத்துச் சாமான். உதயகிரிக் கோட்டையில ஒரு தொரைக்க பெஞ்சாதி கெடந்தது" என்றான். ராகேல் பெருமையோடு ஏறிப் படுத்தாள். ஏறித்தான் படுக்கவேண்டும், அவ்வளவு உயரம். அகலமோ ஓர் ஆளுக்குத்தான். ரசலையன் கீழே பாய் விரித்துக்கொள்வான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று அவள் பூரித்ததுண்டு. சித்திரை வெக்கையிலும் அதில் பின்னியிருந்த பிரம்பு சில்லென்று கிடக்கும். முதல் பிள்ளை அதில்தான் பிறந்தது. கண் திறக்காமலே போனது.

நேற்று அவனுக்குக் காய்ச்சல் கூடிப் பேச்சு நின்றதும், தரை ஈரமென்று அவளும் மகள் கிரேசியும் சேர்ந்து அவனைத் தூக்கி இதில் போட்டார்கள். அவன் சட்டத்தைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினான்.

"சும்மா கெடயும்" என்று அதட்டி, கையை விலக்கிவிட்டது ராகேல்தான்.

துணியில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. குளிப்பாட்டிய தண்ணீரில் சட்டத்து முனையில் பூசியிருந்த கறுப்பு மை கரைந்து, வட்டமாக மஞ்சள் தெரிந்தது. ஈட்டி மரத்தில் ஒரு துளை, அதற்குப் பலாக்கட்டை அடைப்பு. மறுமுனையிலும் பார்த்தாள். தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு, கழி நுழைக்கிற துளைகள். தலைமாடு எது, கால்மாடு எது என்பதே அந்தக் கட்டிலில் தெரியாது, தலைப்பலகை கிடையாது. இத்தனை உயரம் தூங்குகிறவனுக்கு எதற்கு? தோளில் ஏற்றுகிறவனுக்குத்தான் வேண்டும்.

அடைப்பின் ஓரம் சாய்வாகச் சீவி மழுக்கியிருந்தது. அது ரசலையனின் உளிவேலை. அவளுக்குத் தெரியாதா?

ராகேலுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. காலைப் பார்த்துக் காலம் சொல்கிற மனுஷன், தெரிந்தேதான் அவளை இதில் படுக்கப் போட்டான். வேறு கட்டிலுக்கு வக்கில்லாத புதுமாப்பிள்ளை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பி எடுக்கத் துணிச்சலில்லாமல் காலமெல்லாம் பாயில் கிடந்தானா? பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மூக்கில் பஞ்சு வைத்த மனுஷனிடம் என்ன கேட்க.

நிறைமாதக்காரியான கிரேசி இடுப்பைப் பிடித்தபடி வந்தாள்.

"அம்மா, நடு ஒடியுது. நான் கொஞ்சம் இதுல கெடக்கட்டா?"

"வேண்டாம்."

"தொடச்சாச்சில்லியா?"

"வேண்டாம் மக்கா. அடுக்களையில போயி பாய விரி."

ராகேலின் அண்ணன் மகன் செல்வதாஸ் வாசலில் நின்று தயங்கினான்.

"அத்தே, வேதக்கோயிலுல உள்ள சவக்கட்டில வில்லுக்குறிக்குக் கொண்டு போயிருக்கு. அங்கயும் ஒரு மரணம். வர நேரமாவுமாம்."

"காத்திருக்காண்டாம். இதுல கொண்டு போங்க."

"இது நீங்க படுக்க கட்டிலுல்லா?"

ராகேல் ரசலையனின் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துவந்து அடைப்புகளை அவளே தட்டினாள். நான்கும் கழன்றன. துளைகளின் உட்புறம் தேய்ந்து வழவழத்தது. செல்வதாஸ் வெட்டிவந்த மூங்கில் கழிகளைச் சீவவே வேண்டியிருக்கவில்லை. நீட்டியதும் உள்ளே வழுக்கிப் போயின.

"தான் படுத்த கட்டிலையே புருசனுக்குக் குடுத்திட்டாளே" என்று பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

அடக்கம் முடிந்து வெயில் சாயும்போது தூக்கிப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கட்டிலை முற்றத்தில் இறக்கிவிட்டுச் செல்வதாஸ் தோளைத் தடவினான்.

"வெறுங்கட்டிலுதான் அத்தே. இருந்தாலும் தோளு மாத்தி மாத்தித்தான் கொண்டு வர முடிஞ்சுது."

கூட வந்த மூவரும் தங்கள் தோளைத் தடவிக்கொண்டார்கள்.

"உள்ள போடட்டா?"

ராகேல் வாசலை அடைத்து நின்றாள். உள்ளே கிரேசி புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"கோயிலுக்குக் கொண்டு குடுத்திருங்க. இனி அது அங்கயே கெடக்கட்டு."

மறுபடி தூக்கினார்கள். யாரும் சொல்லாமலே நான்கு பேரின் அடியும் ஒன்றாக, மெதுவாக விழுந்தது. வளைவில் எதிரே வந்த பனையேறி ஒருவன் சட்டென்று ஓரத்தில் ஒதுங்கினான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டில் கடந்து போகும்வரை குனிந்து நின்றான்.