யூபெர்க்கியின் சர்க்கரைச் சங்கு

பதினோரு வருஷமாக மூடிக் கிடந்த சான் மெலித்தோன் சர்க்கரை ஆலையின் நீராவிச் சங்கு, ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அலறியது. அதன் கொதிகலன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஆனாலும் வேலை கிடைக்குமென்று நாற்பது பேர் கரும்பு வெட்டும் கத்தியோடு ஓடி வந்தார்கள். அதே நிமிஷம் மருத்துவமனையில், ஆறு மாதக் கர்ப்பிணி யூபெர்க்கிக்கு, இனிப்புக் கரைசல் குடித்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 196. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்றாள் நர்ஸ் லிஸ்பெத். சர்க்கரை இறங்கியதும் சங்கும் ஓய்ந்தது.

யூபெர்க்கியைப் பயமுறுத்தியது சங்கு அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் குழந்தை ஐந்து கிலோ. அந்த வயிற்றைப் பார்த்து ஊரே பூரித்தது. சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டது, குழந்தை தங்கவில்லை. அதனால் இந்த முறை தினம் நாலு தடவை விரலைக் குத்திக்கொண்டாள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140ஐத் தாண்டினால், கருவி காட்டுமுன் சங்கு சொல்லிவிடும். "யூபெர்க்கி, சோத்தைக் குறைடி!" என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் போகிற போக்கில் கத்துவார்கள். சர்க்கரை இறங்கிச் சங்கு அடங்கும்வரை அவள் தெருவை நடந்தே அளப்பாள். பின்னாலேயே நாய்களும் இரண்டு டோமினோ ஆட்டக்காரர்களும் நடப்பார்கள்.

தவக்காலம் வந்தது. அப்போது வீட்டுக்கு வீடு சிவப்பு பீன்ஸ் கொட்டையில் காய்ச்சிய பாயசம் போகும். கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினால் பகை. எதிர்வீட்டு பெர்மினா, நாற்பத்து நாலு வயது, மூன்று பிள்ளை பெற்றவள், பெரிய கிண்ணமாகவே கொண்டுவந்தாள். மரியாதைக்காக யூபெர்க்கி பாதி குடித்தாள். சங்கு பத்தொன்பது நிமிஷம் ஊதியது.

"ஊரைக் கூட்டி என் கைப்பக்குவத்தோட மானத்தை வாங்குறியாடி?"

"நானா ஊதுறேன், அக்கா? வயித்துல இருக்குறவகிட்ட கேளு!"

பெர்மினா மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நாலாம் நாள் சர்க்கரையே போடாமல், தேங்காய்ப்பாலும் பட்டையும் சேர்த்த பீன்ஸ் நாலே கரண்டி கொண்டுவந்து, வாசலில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சங்கு மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு தெருவில் போட்டிதான். யார் சமையலுக்குச் சங்கு சும்மா இருக்கிறதோ அவளுக்குத்தான் பெருமை.

ஈஸ்டர் முடிந்த வாரம் வலி கண்டது. ஊர் முழுக்க ரேடியோவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பெண் குழந்தை, மூன்று கிலோ இருநூறு கிராம். தோள் எங்கும் தடுக்கவில்லை. பிறந்த வேகத்தில் அது போட்ட சத்தம் சங்கைத் தோற்கடித்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது யூபெர்க்கியின் சர்க்கரையும் சரியாகியிருந்தது.

ஆகஸ்டில் ஞானஸ்நானம். பெர்மினாதான் ஞானத்தாய். கேக் வெட்டிக் கால் மணி ஆகியிருக்கும், சங்கு அலறியது. ஆலைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாரும் யூபெர்க்கியைப் பார்த்தார்கள். அவள் அங்கேயே விரலைக் குத்தி, கருவியை உயர்த்திக் காட்டினாள்: 98. நர்ஸ் லிஸ்பெத் கூடியிருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெர்மினா தன் கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்து, வயிற்றைக் கையால் மறைத்தாள்.

"அப்படிப் பாக்காதீங்கடி... என் புருஷனுக்கே நான் இன்னும் சொல்லல!"