சுத்தம்வேட்டர்

மாவு டப்பாவைத் திறந்து பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே ஓர் எலி குட்டி போட்டு வைத்திருந்தது. பூச்சிமருந்துக்காரர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் படமெடுத்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் படங்களுக்குப் பெயர் வைத்தது, அங்கே கணக்கெழுதும் அவள்தான்: மாவு டப்பா எலி, அலமாரி எலி, எலிவேட்டர் கதவு.

இந்தச் சமையற்கூடத்துச் சாப்பாடுதான் மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அவள் மகளும் அதைத்தான் சாப்பிடுகிறாள். முதலாளி அந்நியரில்லை, நாத்தனார் புருஷன்.

படங்களையெல்லாம் அனுப்பச் சொல்லி சுகாதார அதிகாரி கேட்டதும் முதலாளி பல்லைக் குத்திக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார்.

"எலின்னு வர்ற எடமெல்லாம் சுத்தம்னு மாத்தும்மா. ஒரே அமுக்குல மாறிடும்ல?"

"படத்துல எலி இருக்கே அண்ணே."

"படத்த எவன் தெறந்து பாக்குறான்? பேரப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடுவான். படத்த அழிச்சாத்தான் பூச்சிமருந்துக்காரன் சொன்ன எண்ணிக்கையோட ஒதைக்கும்."

"அந்த மாவு?"

"சலிச்சாச்சு. குடும்பத்துக்குள்ள இதப் பெருசு பண்ணாத."

சலித்தார்களாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். இந்த மனுஷன் எலியை மறைக்கிறார், அதுவும் பிள்ளைகள் சோற்றில். தூ!

சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டன. மாவு டப்பா சுத்தம். அலமாரி சுத்தம். கடைசியில் ஒன்று மட்டும் இளித்துக்கொண்டு நின்றது: சுத்தம்வேட்டர் கதவு.

திருத்தப் போனாள். "ரொட்டி நல்லாருந்துச்சும்மா, ரெண்டாவது தடவ வாங்கித் தின்னேன்" என்று மகள் நேற்றுச் சொன்னது நினைவுக்கு வந்தது. திருத்தாமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அதிகாரி ஃபோன் செய்தார். முதலாளி பெருமையாக ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லாம் சுத்தம்னு இருக்கு, சந்தோஷம். அது என்ன சுத்தம்வேட்டர்?"

முதலாளி திருதிருவென்று விழித்தார். "அது... தொடைக்கிற மெஷின் சார். புதுசு."

"எலிவேட்டர் சார்," என்றாள் அவள். "எலி வர்ற எடமெல்லாம் சுத்தம்னு மாத்தச் சொன்னாரு. அதுலயும் மாறிடுச்சு."

மறுமுனையில் மௌஸைத் தட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படமாகத் திறக்கிறார்.

"சீ!" என்றார் அதிகாரி. "இன்னைக்குச் சாப்பாட்டு வண்டி கெளம்பிடுச்சா?"

முதலாளி வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "இல்ல சார். வண்டிச் சாவி என்கிட்டதான் இருக்கு."